மோசமான சாலைக்கு ஷாக் அப்சார்பரை இறுக்குவது சரியா?

மணலி விரைவுச் சாலையிலும் எண்ணூர் பக்கமும் தினமும் பைக்கில் போகிறவர்கள், மழைக்காலம் முடிந்து சாலை பல்லிளிக்கத் தொடங்கியதும் நேராக மெக்கானிக்கிடம் போவார்கள். “பின் ஷாக்கை நன்றாக இறுக்கிவிடுங்கள் அண்ணே” என்பார்கள். அவரும் சி-ஸ்பேனரை மாட்டிக் கடைசிப் படிவரை திருப்பிவிடுவார். பெரும்பாலும் காசுகூட வாங்கமாட்டார். வண்டி நிமிர்ந்து நிற்கும், உறுதியாகிவிட்டதுபோல் தோன்றும். இடுப்பு வலி மட்டும் கூடும்.

கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷனை, அதாவது அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஷாக், ஸ்பிரிங், முன் ஃபோர்க் அமைப்பை, வைத்துக்கொண்டே கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட சாலையை ஓரளவு சமாளிக்கலாம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் கூடுதலாகச் செய்யும் வேலைகள். அவற்றில் முதலிடம் இந்த இறுக்கலுக்குத்தான்.

ஷாக்கின் அடியில் இருக்கும் அந்தப் படி வளையம் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை. ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பித் தடிமனிலும் சுற்றிலும் இருக்கிறது. அதை ஸ்பேனரால் மாற்ற முடியாது. வளையம் ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவே. இதைத்தான் பிரீலோட் என்கிறார்கள். அதைக் கூட்டினால், நீங்கள் ஏறி உட்கார்ந்தாலும் வண்டி அதிகம் தாழாது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க வேண்டும் அல்லவா? நீங்கள் உட்காரும்போது வண்டி எவ்வளவு தாழ்ந்ததோ, அவ்வளவுதான் சக்கரம் இறங்கக் கிடைக்கும் இடம். தாழவே விடாமல் இறுக்கிவிட்டால், பள்ளத்தில் ஷாக் முழுவதும் நீண்டு ‘டக்’கென்று முட்டி நிற்கும். சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் தொங்கிவிட்டு, பள்ளத்தின் மறு விளிம்பில் போய் மோதும். அந்த அடிதான் முதுகெலும்பில் ஏறுகிறது.

எனவே திருப்புவதற்கு முன் அளந்துவிடுங்கள். ஒரு டேப்பும் கூட ஓர் ஆளும் போதும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தொங்கவிட்டு, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு புள்ளிவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, வழக்கமாக மாட்டும் பையோடு ஏறி, இரண்டு கால்களையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்காருங்கள். கூட இருப்பவர் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சஸ்பென்ஷன் அசையும் மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரி. ராயல் என்ஃபீல்டின் பழைய கிளாசிக் 350-இன் பின்பக்கம் 80 மி.மீ. மட்டுமே அசையும்; அதற்கு 20 முதல் 26 மி.மீ. தாழ்ந்தால் போதும். ஹிமாலயன் 411-இல் 180 மி.மீ. அசைவு உண்டு, 45 முதல் 60 வரை தாழலாம். எல்லாருக்கும் பொதுவான ‘நல்ல படி’ என்று ஒன்று கிடையாது. 55 கிலோ எடையுள்ள பையனுக்குச் சரியான படி, அவனுடைய மாமாவுக்குச் சரிவராது.

பின்னால் ஆளையோ மீன் கூடையையோ ஏற்றினால் ஒன்றிரண்டு படிகள் கூட்டத்தான் வேண்டும். பலரும் கூட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். தனியாக ஓட்டும்போது குறைப்பதில்லை. இரட்டை ஷாக் உள்ள வண்டியில் இரு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சைலன்சர் பக்கம் கை நுழைய இடமில்லாததால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு படி குறைவாக விடப்பட்ட வண்டிகள் தண்டையார்பேட்டையில் தெருவுக்கு ஒன்று ஓடுகின்றன. படியை மாற்றியபின் ஹெட்லைட் எங்கே அடிக்கிறது, செயின் தொய்வு எவ்வளவு என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையங்களை வாங்காதீர்கள். ‘சொகுசுப் பயணம்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அவை சில சுற்றுகளை அசையவிடாமல் பூட்டுகின்றன. மீதிச் சுற்றுகள்தான் முழு அசைவையும் தாங்க வேண்டியிருக்கும்.

டயர் காற்றையும் சஸ்பென்ஷன் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். சிறு கற்களையும் தார் விளிம்புகளையும் முதலில் வாங்கிக்கொள்வது டயர். ‘அடிக்கடி பிடிக்க வேண்டாம்’ என்று 40 பி.எஸ்.ஐ. ஏற்றிக்கொண்டு ஷாக்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வண்டியின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவை, டயர் சூடேறுவதற்கு முன் பிடியுங்கள். ரிம் வளையும் என்பதால் அதற்குக் கீழேயும் போக வேண்டாம்.

முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் குழாய்களான ஃபோர்க்கை யாரும் கவனிப்பதே இல்லை. அதற்குள் எண்ணெய் இருப்பதே சிலருக்கு, அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீல் போய் ஒழுகும்போதுதான் தெரிகிறது. அப்போதும் சில இடங்களில் கையில் இருக்கும் என்ஜின் ஆயிலை ஊற்றி மூடிவிடுகிறார்கள். அது தடிமனானது, ஃபோர்க் சிறு அதிர்வுகளுக்கு அசையாமல் விறைத்து நிற்கும். ‘கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்’ என்று ஊற்றுவது இன்னும் மோசம். எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்றுக்கு இடம் குறைந்து, பெரிய பள்ளத்தில் அழுத்தம் எகிறிப் புதுச் சீலையும் தள்ளிவிடும். ஃபோர்க்கின் ஒவ்வொரு காலுக்கும் எத்தனை மில்லி, எந்தத் தரம் என்பதைச் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, அளவுக் குடுவையில் ஊற்றச் சொல்லுங்கள். பல பத்தாண்டுகள் புல்லட் தயாரான திருவொற்றியூரில் இதைப் பழுதில்லாமல் செய்யும் கைகளுக்குப் பஞ்சமில்லை, கேட்டால் செய்வார்கள்.

சீல் ஏன் போகிறது என்பதற்கும் உள்ளூர்க் காரணம் உண்டு. காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக் காற்று. அதற்கு மேல் நிலக்கரித் தூசி, சாம்பல். ஃபோர்க் குழாயில் ஊசிமுனை அளவுத் துரு விழுந்தாலும், ஒவ்வொரு அசைவிலும் அது சீலின் உதட்டைக் கீறும். மாலையில் ஈரத் துணியால் குழாயை ஒருமுறை துடைப்பது, எந்தப் படியைத் திருப்புவதைவிடவும் பலன் தரும்.

கேடிஎம் 390 அட்வென்ச்சர் போல டேம்பிங் திருகு (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் வேகத்தை மாற்றும் திருகு) உள்ள வண்டி என்றால், ரீபவுண்டை, அதாவது அமுங்கியது திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை, அதிகம் இறுக்காதீர்கள். லாரிகள் பிரேக் பிடிக்கும் சிக்னல்களின் அருகே தார் அலை அலையாகக் குவிந்திருக்கும். ரீபவுண்ட் மந்தமானால் முதல் அலையில் அமுங்கிய ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். நாலாவது அலையில் அசைய இடமே மிஞ்சாது. இரண்டு கிளிக் மாற்றுங்கள், அதே சாலையில் ஓட்டுங்கள், எழுதி வையுங்கள். முன்னும் பின்னும் ஒரே நாளில் திருகினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

திருகு இல்லாத வண்டியில் சீட்டை ஓங்கி அமுக்கி விடுங்கள். எழுந்து ஒரே ஆட்டத்தில் அடங்கினால் ஷாக்கில் உயிர் இருக்கிறது. தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருந்தால் உள்ளே எண்ணெய் போய்விட்டது. அதற்குமேல் எந்தப் படியும் உதவாது. இரட்டை ஷாக் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.