ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவை நடத்துவது எப்படி? புதிய அட்மின்களுக்கு ஒரு செய்முறை

நூறு, இருநூறு பேர் இருக்கும் ஆசிரியர் குழுவுக்கு உங்களை அட்மின் ஆக்கியிருக்கிறார்களா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பாடக்குறிப்பு, பயிற்சித்தாள், எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) சந்தேகம் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் வாட்ஸ்அப் குழுவை மனதில் வைத்து எழுதுகிறேன். டெலிகிராம் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

எந்தக் குழுவிலும் விடாமல் பேசுபவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் படித்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் ஈராசிரியர் பள்ளியில், பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் இருப்பார். ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்வார், பிறகு அனுப்பாமலே அழித்துவிடுவார். நேற்று வேறொருவர் கேட்டபோது என்ன பதில் வந்தது என்று அவர் பார்த்திருக்கிறார் இல்லையா? அட்மினாக நீங்கள் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றையும் அவரை வைத்து எடுங்கள். நாளைக்கு அவர் அந்தக் கேள்வியை அனுப்புவாரா, மாட்டாரா என்று பாருங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: குழு எதற்கு என்று எழுதி வையுங்கள்

குழுவின் விவரப் பகுதியில் நாலைந்து வரி போதும். உதாரணத்துக்கு: "ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான குழு. பாடம், பயிற்சித்தாள், எமிஸ், பயிற்சி தொடர்பான கேள்விகள் மட்டும். அரசியல், மதம், சாதி, விற்பனை, ஃபார்வர்டு வேண்டாம். இரவு 9 முதல் காலை 6 வரை பதிவு வேண்டாம். குறை இருந்தால் அட்மினுக்குத் தனியாக எழுதுங்கள்."

ஓய்வூதியம், அகவிலைப்படி, மாறுதல் எல்லாம் ஆசிரியர்களின் நியாயமான கவலைகள். அவற்றைப் பேச வேண்டாம் என்று சொன்னால் மனம் புண்படும். அவற்றுக்கென்று தனிக்குழு ஒன்றைத் தொடங்கி அதன் இணைப்பையும் விவரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பேச இடம் இருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலோர் அங்கே போய்விடுவார்கள்.

படி 2: வாசலைச் சரி செய்யுங்கள்

குழு அமைப்புகளுக்குள் போய், அட்மின் ஒப்புதல் கொடுத்த பிறகே புதியவர் சேரும்படி மாற்றுங்கள். சேர விண்ணப்பிப்பவரிடம் பெயர், ஒன்றியம், எடுக்கும் வகுப்பு மூன்றையும் தனிச்செய்தியில் கேளுங்கள். காப்பீட்டு முகவர், மனை விற்பவர், தேர்வு வழிகாட்டி விற்பவர் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். குழுவின் இணைப்பு வெளியே சுற்றுகிறது என்று தெரிந்தால் 'ரீசெட் லிங்க்' கொடுங்கள், பழைய இணைப்பு செயலிழந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காக அவ்வளவு பேரையும் நிரப்ப வேண்டாம். ஒரு பாடத்துக்கோ ஓர் ஒன்றியத்துக்கோ என்று இருக்கும் சிறிய குழுதான் நன்றாக நடக்கும்.

படி 3: புதியவரின் முதல் வாரம்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய உரையாடல் தானாகத் தெரியாது. அதனால் போன மாதம் பத்து முறை பேசி முடித்த விஷயத்தை அவர் மறுபடி கேட்பார். அது அவர் குற்றம் இல்லை.

சேர்ந்த அன்றே அட்மின் ஒருவர் பெயர் சொல்லி வரவேற்கட்டும்: "வணக்கம் டீச்சர், குழுவுக்கு வாங்க. எந்த வகுப்பு எடுக்கிறீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில் மேலே 'பின்' (pin) செய்த செய்தியில் இருக்கிறது. அங்கே கிடைக்காததைத் தயங்காமல் இங்கேயே கேளுங்கள்." மற்றவர்கள் ஆளுக்கொரு 'நல்வரவு' போடாமல் அந்தச் செய்திக்கே ஒரு வணக்கக் குறி வைத்தால் போதும் என்று பழக்குங்கள்.

இப்படி 'பின்' செய்து குழுவின் மேலே நிறுத்தும் செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். மாதம் ஒருமுறை அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஓர் அட்மினிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்போது ஒரு சூழ்நிலை. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். அந்த வகுப்புக்குப் புதிதாக வந்த ஓர் ஆசிரியர், "அரும்பு நிலையில் இருக்கும் குழந்தை மொட்டு நிலைக்கு வந்துவிட்டதா என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார். ஒரு மூத்தவர், "பயிற்சியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று போடுகிறார். கூடவே இரண்டு பேர் சிரிப்புக் குறி வைக்கிறார்கள்.

உடனே செய்ய வேண்டியது, கேள்விக்குப் பதில் சொல்வது. கிண்டலைக் கண்டிக்கும் முன்பே, "நல்ல கேள்வி டீச்சர். நான் என் வகுப்பில் இப்படிப் பார்க்கிறேன்" என்று தொடங்கி முழுதாக எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் குறிப்பிட்டு அழையுங்கள். பதில் வந்து விழுந்தால் பேச்சு அதன் பக்கம் திரும்பிவிடும். அப்புறம் அந்த மூத்தவரிடம் தனியாகப் பேசலாம். படித்துவிட்டுப் போகும் நூறு பேரும், இங்கே கேட்டால் பதில் கிடைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

புதியவரும் சில சமயம் தொல்லை தருவார். எடுத்த எடுப்பில் பத்து பிடிஎஃப் அனுப்புவார், நள்ளிரவில் காலை வணக்கம் போடுவார். குழுவின் பழக்கம் தெரியாமல் செய்வது இது. தனிச்செய்தியில் ஒருமுறை சொன்னால் போதும், எச்சரிக்கை என்ற சொல்லே வேண்டாம்.

படி 4: எந்த வகைத் தொல்லை என்று பாருங்கள்

எல்லாத் தொல்லைக்கும் ஒரே மருந்து கிடையாது. ஃபார்வர்டு அனுப்புபவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார். "நாளை விடுமுறை" என்று பழைய அறிவிப்பைப் போடுபவரும் அப்படித்தான். ஆனால் அதை நம்பி யாராவது பள்ளிக்குப் போகாமல் இருந்துவிட்டால் பாதிப்பு பெரிது. தேதியும் ஆணை எண்ணும் இல்லாத அறிவிப்பை அட்மின் பார்த்தவுடன் நீக்க வேண்டும். உறுப்பினரின் செய்தியை அட்மின் எல்லோருக்குமாக நீக்கலாம். காலம் கடந்தால் அந்த வசதி கிடைக்காது, அதனால் தள்ளிப்போட வேண்டாம். யார் நீக்கினார் என்று உங்கள் பெயர் அங்கே தெரியும். ஆகவே "தேதி இல்லாத அறிவிப்பு என்பதால் நீக்கினேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிறந்தநாள் வாழ்த்தும் இரங்கலும் வேறு வகை. சக ஆசிரியர் ஒருவர் இறந்த செய்தி வரும்போது விதியைக் காட்டி யாரையும் நிறுத்தாதீர்கள். அன்று ஒரு நாள் குழு இரங்கலுக்காகவே இருக்கட்டும்.

சங்கச் சண்டைதான் கடினம். ஆசிரியர் சங்கங்கள் பல இருப்பதால், ஒருவர் தன் சங்கத்தின் போராட்ட அறிவிப்பைப் போட, இன்னொருவர் குத்தலாகப் பதில் போட, அரை மணியில் குழு இரண்டாகிவிடும். நீங்களும் ஏதாவது ஒரு சங்கத்தில் இருப்பீர்கள். அதனால் உங்கள் சங்கத்துக்காரரின் பதிவை முதலில் நீக்குங்கள். அதை எல்லோரும் பார்த்த பிறகு மற்றவர் பதிவை நீக்கினால் யாரும் குறை சொல்ல முடியாது.

எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு, நீளமாக, சில சமயம் தவறாகப் பதில் போடுபவரும் இருப்பார். அவருடைய ஆர்வத்தை மதிக்க வேண்டும். அவருக்கென்று ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை கேள்வி பதில்களைத் தொகுத்து எழுதச் சொல்லலாம்.

படி 5: தனியாகப் பேசுங்கள்

ஆசிரியர்களை நூறு பேர் முன்னால் திருத்தினால் தாங்கமாட்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான், ஆனால் நம் தொழிலில் மூப்பும் மரியாதையும் இன்னும் கூடுதலாகப் பார்க்கப்படும். முதல் முறை தனிச்செய்தி, இரண்டாம் முறை தொலைபேசி. குரலில் பேசும்போது பாதிச் சூடு தணிந்துவிடும்.

தனிச்செய்தி இப்படி இருக்கலாம்: "வணக்கம் சார். நேற்று அந்த டீச்சருக்கு நீங்கள் போட்ட பதிலை நீக்கியிருக்கிறேன். அவருக்கு இந்த வகுப்பு புதிது. அந்தக் கேள்விக்கு உங்கள் அனுபவத்திலிருந்து வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பயிற்சியில் என்ன செய்தீர்கள் என்பது போன்ற பேச்சு மட்டும் குழுவில் வேண்டாம் சார்." என்ன நடந்தது, ஏன் நீக்கினீர்கள், இனி என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. "உங்கள் குணமே இப்படித்தான்" என்ற தொனி எங்கும் வரக்கூடாது. அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

படி 6: சண்டை முற்றினால்

வாட்ஸ்அப்பில் ஒரு தனி உறுப்பினரை மட்டும் சில நாள் பேசவிடாமல் நிறுத்தும் வசதி கிடையாது. டெலிகிராமில் உண்டு. ஒருவர் இத்தனை நொடிக்கு ஒருமுறைதான் எழுத முடியும் என்ற மெதுநடை வசதியும் அங்கே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் உங்களிடம் இருப்பது, அட்மின் மட்டும் எழுதலாம் என்று மொத்தக் குழுவையும் பூட்டுவது. பூட்டும்போது காரணமும் நேரமும் சொல்லுங்கள்: "பேச்சு பாடத்தை விட்டு விலகிவிட்டது. நாளைக் காலை 7 மணிக்குக் குழு திறக்கும்." சொன்ன நேரத்தில் திறந்துவிடுங்கள். திறந்தவுடன் ஒரு பாடக்கேள்வியை நீங்களே போட்டுப் பேச்சைத் தொடங்கி வையுங்கள்.

படி 7: எச்சரிக்கை தேவைப்படாத இடங்கள்

இரண்டு விஷயங்களில் படிப்படியாகப் போக வேண்டாம்.

ஒன்று, பெண் ஆசிரியர்களுக்குத் தனிச்செய்தியில் தொல்லை தருவது. வாட்ஸ்அப் குழுவில் எண் எல்லோருக்கும் தெரியும் என்பதால், சேர்ந்த இரண்டாம் நாளே இரவில் "சாப்பிட்டீங்களா?" என்று செய்தி வரத் தொடங்கும். புகார் சொல்பவரிடம் "அவர் நல்லவர்தானே, சாதாரணமாகக் கேட்டிருப்பார்" என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், புகார் சொன்னவரின் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள், தொல்லை தந்தவரை அன்றே நீக்குங்கள். தொல்லை தொடர்ந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவும் இருக்கின்றன என்று சொல்லுங்கள். அட்மின்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது இதனால்தான் அவசியம். பலர் இதை ஆண் அட்மினிடம் சொல்லவே மாட்டார்கள்.

இன்னொன்று, குழந்தைகளின் அடையாளம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகத்தில் வெளியிடக்கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 23. அக்கறையில் பகிர்ந்தேன் என்று சொன்னாலும் நீக்குங்கள். அழுகிற குழந்தை, தப்பாகப் படிக்கிற குழந்தை என்று வேடிக்கைக்காக வரும் வகுப்பறை வீடியோக்களையும் நான் இதே கண்டிப்போடுதான் பார்ப்பேன். அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அட்மின் என்பதாலேயே மற்றவர் பதிவுக்கு வழக்கு வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் காவல்துறையின் இறுதி அறிக்கையில் அவரைச் சேர்க்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் கூறியது. அதே ஆண்டு மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும் இதே போக்கில் தீர்ப்பளித்தது. பயத்தில் குழுவை முடக்க வேண்டியதில்லை. தவறான பதிவுக்குத் தெரிந்தே துணைபோகாமல் இருந்தால் போதும்.

படி 8: நீக்குவதும் திரும்பச் சேர்ப்பதும்

தனிச்செய்தி, தொலைபேசி, கடைசியாக ஒரு தெளிவான எச்சரிக்கை. இவை மூன்றும் பலிக்காவிட்டால் நீக்குங்கள். முடிவை ஒரே அட்மின் எடுக்காமல் இரண்டு மூன்று பேர் பேசி எடுங்கள். நீக்கும் முன் அவருக்கே சொல்லுங்கள்: "சார், மூன்று முறை பேசினோம். இன்று உங்களைக் குழுவிலிருந்து எடுக்கிறோம். அடுத்த பருவம் தொடங்கும்போது சேர விரும்பினால் எனக்கு எழுதுங்கள்." குழுவில் ஒரே வரி போதும்: "விதிமீறல் காரணமாக ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டிருக்கிறார்." அவரைப் பற்றிப் பேச்சு வளர்ந்தால் அதையும் நிறுத்துங்கள். இல்லாதவரைப் பற்றிப் பேச விட்டால், நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படிப் பேசுவார்கள் என்று அமைதியாக இருப்பவர்கள் நினைப்பார்கள்.

திரும்பி வர விரும்புபவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பழையதைக் கிளறாதீர்கள். பெண்களுக்குத் தொல்லை தந்து நீக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது.

கடைசியாக ஒரு வேலை. பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். வேறு ஒன்றியத்துக்குப் போனவர்களிடம் தொடர விருப்பமா என்று கேளுங்கள். புதிதாக உங்கள் ஒன்றியத்துக்கு வந்தவர்களை அழையுங்கள். விவரப் பகுதியில் அட்மின்களின் பெயர்களையும் சரிபார்த்துவிடுங்கள்.