மலை மேல ஏஆர்டிஎஸ் பேஷண்ட்ட வென்டிலேட்டர்ல வச்சுப் பாக்குறது எப்படி

ஊட்டி, குன்னூர் பக்கம் ஐசியூ டியூட்டிக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு இது. ஏஆர்டிஎஸ்னா நுரையீரல் வீங்கி நீர் கோத்து, ரத்தத்துல ஆக்சிஜன் சரியா ஏறாமப் போற நிலைமைங்க. புக்குல இருக்கிற நம்பர் பாதி கீழ்நாட்டுக்கு எழுதினதுங்க. கீழ காத்தழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், ஊட்டி 2240 மீட்டர்ல சுமாரா 580 தான், நல்லா நடமாடுற ஆளுக்கே ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்துல வாயு டெஸ்ட், எடுத்தா ஆக்சிஜன் அழுத்தம் 70 கிட்டதான் நிக்கும். பிஎஃப் ரேஷியோ (ஏபிஜி ஆக்சிஜன அவர் இழுக்கிற காத்துல இருக்கிற ஆக்சிஜன் பங்கால வகுத்தது, 40 சதவீதம்னா 0.4) 300ஓ அதுக்குக் கீழயோ இருந்தா ஏஆர்டிஎஸ்னு 2012 பெர்லின் டெஃபனிஷன் சொல்லுது, 1000 மீட்டருக்கு மேலன்னா உயரத்தக் கணக்குல எடுக்கணும்னும் அதுலயே இருக்கு, யாரும் அந்த வரிய படிக்கிறதில்ல. 300அ 580ஆல பெருக்கி 760ஆல வகுங்க, 230 கிட்ட வரும், அதான் நம்மூர் எல்லை.

டியூப் போட்டாச்சா, உடனே டேப் எடுத்து உயரத்த அளங்க. எடைய மறந்துடுங்க, ஆள் குண்டானா நுரையீரல் பெருசாகாது. ஆம்பளைக்கு 50, பொம்பளைக்கு 45.5, அதோட சென்டிமீட்டர் உயரத்துல 152.4 கழிச்சு 0.91ஆல பெருக்கிச் சேருங்க, வர்றதுதான் வென்டிலேட்டருக்கான கணக்கு எடை. எஸ்டேட்ல இலை பறிக்கிற அக்கா ஒருத்தர் 150 சென்டிமீட்டர், 68 கிலோன்னு வைங்க, கணக்குப்படி அவங்க 43 கிலோதான். கிலோவுக்கு 6 எம்எல்னா டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சுக்கு உள்ள தள்ற காத்து, 260 எம்எல். 68ஆல பெருக்கினா 400 தாண்டிடும், காத்து போற கொஞ்சூண்டு நல்ல பகுதியும் அதுல கிழிஞ்சுபோகும். 2000ல வந்த ஆர்மாங்கிற ஆய்வுல கிலோவுக்கு 12 எம்எல் வச்சவங்கள்ல நூத்துக்கு 40 பேர் கிட்ட இறந்தாங்க, 6 வச்சவங்கள்ல 31, மருந்தே இல்லாம வெறும் செட்டிங்ல வந்த வித்தியாசம் இது.

அப்புறம் இன்ஸ்பிரேட்டரி ஹோல்ட் போட்டு, அதாவது மூச்சு உள்ள போனதும் நொடி நேரம் நிறுத்தி, அப்ப நுரையீரல்ல இருக்கிற பிளாட்டோ அழுத்தம் பாருங்க, 30 சென்டிமீட்டர் தண்ணி தாண்டக்கூடாது, தாண்டினா கிலோவுக்கு 5, 4 எம்எல்னு இறக்குங்க. பிளாட்டோல பீப்ப (மூச்சு விட்டு முடிச்சப்பவும் நுரையீரல் மூடாம வச்சிருக்கிற அழுத்தம்) கழிச்சா 15க்குள்ள இருக்கட்டும். மூச்சு சின்னதானதால ரத்தத்துல சிஓ2 ஏறும், ஏறட்டும், மூச்சு ரேட்ட நிமிஷத்துக்கு 35 வரைக்கும் கூட்டிக்கலாம், ரத்தத்தோட பிஎச் 7.2க்குக் கீழ போகாத வரைக்கும் பயப்படாதீங்க. சாச்சுரேஷன் 88லருந்து 95 போதும், 99 வேணும்னு நிக்கிற சொந்தக்காரங்களுக்குப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. பீப்பும் ஆக்சிஜனும் சேந்தே ஏறணும், ஆக்சிஜன் 40 சதவீதத்துல பீப் 5லருந்து 8, 60ல 10, 80ல 14.

இதுக்கும் கேக்கலன்னா பேஷண்ட்ட குப்புறப் போடுங்க, தள்ளிப்போடாதீங்க. விட்டு விட்டு ரெண்டு மணிநேரம் போட்டுப் பிரயோஜனமில்ல, ஒரே மூச்சுல 16 மணிநேரம். குப்புறப் போட்டுப் பாத்த 2013 ப்ரோசீவா ஆய்வுல 28 நாள்ல இறந்தவங்க 33 சதவீதத்துலருந்து 16க்கு இறங்கினாங்க. தலைப்பக்கம் டியூப்ப பிடிக்கிற ஆள் சொன்னாத்தான் திருப்பணும்.

கோயம்புத்தூருக்கு அனுப்பறதா இருந்தா இன்னும் கவனம். ஆம்புலன்ஸ் வென்டிலேட்டருக்கு மாத்தறப்ப டியூப்ப கிளாம்ப் பண்ணிட்டு மாத்துங்க, இல்லன்னா கஷ்டப்பட்டு ஏத்தின பீப் நொடியில போயிடும். நூறு சதவீத ஆக்சிஜன் வச்சா நிமிஷத்துக்கு 8 லிட்டர் போகும், 1500 லிட்டர் பி டைப் சிலிண்டர் மூணு மணிநேரம்கிறது வெறும் காகிதக் கணக்கு, லீக் இருக்கு, சீசன்ல மலைப்பாதையில பர்லியார்ல வண்டி நின்னுட்டா என்ன பண்ணுவீங்க, ரெட்டிப்பா ஏத்துங்க. இறங்க இறங்க வெளிய அழுத்தம் கூடும், டியூப்ப சுத்தி மூச்சுக்குழாய அடைக்கிற குட்டி பலூன், அதான் கஃப், அதுல இருக்கிற காத்து சுருங்கி லீக் ஆகும், பாதி வழியில கஃப் அழுத்தம் பாத்து 20லருந்து 30 சென்டிமீட்டர் தண்ணிக்குள்ள வைங்க. மேட்டுப்பாளையம் வந்ததும் சாச்சுரேஷன் தானா ஏறும். நுரையீரல் தேறல, காத்துதான் மாறிச்சு, அத நம்பி பீப்ப குறைச்சிடாதீங்க. ரெஃபரல் சீட்டுல ஏபிஜி நம்பர் பக்கத்துல ஊட்டியில எடுத்ததுன்னு கட்டாயம் எழுதுங்க, கீழ வாங்குற டாக்டருக்கு அது தெரியணும்.