பழைய சைக்கிள் பாகங்களை அடையாளம் கண்டு விலை போடுவது எப்படி?

ஆரம்பத்தில் சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் குழாய்) ஒன்றை '27.2 மி.மீ.' என்று எழுதி விற்றேன். சாதா ஸ்கேலை வைத்து குத்துமதிப்பாக அளந்த அளவு அது. வாங்கியவரின் ஃப்ரேமில் போட்டால் லொடலொடவென்று ஆடியிருக்கிறது. உண்மையான அளவு 27.0. அனுப்பிய செலவு, திரும்பி வந்த செலவு இரண்டும் என் தலையில். இத்தனைக்கும் அது கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது.

பழைய பாகம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் வண்டியில் உடைந்துபோன ஒன்றுக்கு மாற்று தேடுகிறவர்கள். பொருந்துமென்றால் கீறல் விழுந்ததற்கும் காசு கொடுப்பார்கள், பொருந்தாவிட்டால் புத்தம் புதிதையும் தொட மாட்டார்கள். அதனால் 'இது என்ன, எந்த அளவு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது' என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் விலை போடுவது பாதி முடிந்த மாதிரி.

முதலில் கையில் என்ன வேண்டும்

டிஜிட்டல் காலிப்பர் (கவ்விப் பிடித்து அளக்கும் கருவி) ஒன்று கட்டாயம். மலிவானதே போதும். சமையலறைத் தராசு, ஒரு காந்தம், இரும்பு ஸ்கேல், டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தால் வேலை நடக்கும்.

படி 1: கழற்றுங்கள், கழுவுங்கள், மெருகேற்றாதீர்கள்

வண்டியைக் கழற்றுவதற்கு முன்பே நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். எது எதோடு சேர்ந்திருந்தது என்பது பின்னால் உதவும். இடது பெடலின் மரை தலைகீழ் மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழறும். இது தெரியாமல் இன்னும் இறுக்கி மரையைக் கெடுத்த கிராங்குகளை (பெடல் மாட்டும் கைகளை) நிறையப் பார்த்துவிட்டேன்.

அழுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் அந்த கிரீஸுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். ஆனால் இரும்பு நார், உப்புத்தாள் பக்கம் போகவே வேண்டாம். பழைய பாகங்களைச் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அசல் பூச்சு இருக்கிறதா என்பதைத்தான். மெருகு போட்டால் அழகு கூடும், விலை குறையும்.

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ரிம்மிலும் ஹேண்டில்பாரிலும் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இரும்பு ரிம்மைத் தேடி வருகிறவர்கள் குறைவு.

படி 2: பின்பக்கம் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கம் இருக்கும் பெயர் விளம்பரத்துக்கு. விலை சொல்லும் எண் பின்பக்கத்தில் இருக்கும். அதிகம் கைக்கு வருவது ஷிமானோ என்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

ஷிமானோ பாகத்தின் எண், முதலில் இரண்டு எழுத்தோடு தொடங்கும். ஆர்டி என்றால் பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்துவது), எஃப்டி முன் டிரெய்லியர், எஃப்சி கிராங்க், சிஎஸ் காசெட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு), பிஆர் பிரேக், எஸ்எல் ஷிஃப்டர் (கியர் மாற்றும் கைப்பிடி), எஸ்டி என்றால் பிரேக்கும் ஷிஃப்டரும் சேர்ந்த லீவர், எஃப்ஹெச் பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை), பிடி பெடல். அதற்கு அடுத்து வரும் எண்தான் எந்த வரிசை, எந்தத் தலைமுறை என்று சொல்லும். ரோட் பைக் பாகங்களில் ஆர்7000 என்றால் 105, ஆர்8000 என்றால் அல்டெக்ரா, ஆர்9100 என்றால் டியூரா-ஏஸ். மலைச் சைக்கிள் பாகங்களில் எண்ணுக்கு முன்னால் எம் வரும்: எம்6100 டியோர், எம்7100 எஸ்எல்எக்ஸ், எம்8100 எக்ஸ்டி, எம்9100 எக்ஸ்டிஆர். விளம்பரத் தலைப்பில் இந்த முழு எண்ணையும் போடுங்கள். தேடுகிறவர் அதைத்தான் தட்டச்சு செய்வார். 'நல்ல கியர் செட்' என்று யாரும் தேடுவதில்லை.

இன்னொரு ரகசியமும் அங்கேயே இருக்கிறது. தனியாக அச்சிட்ட இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். வருடத்துக்கு 1976-ல் ஏ-யில் தொடங்கி 2001-ல் இசட் வந்தது, 2002-ல் மறுபடி ஏ. மாதத்துக்கு ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஆக எம்சி என்று இருந்தால் 1988 மார்ச், இல்லாவிட்டால் 2014 மார்ச். எது என்று குழம்ப வேண்டாம், பாகத்தைப் பார்த்தாலே தெரியும். 1988-ல் 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம்) டிரெய்லியர் கிடையாது.

இந்த எழுத்துகள் வயதைச் சொல்வதோடு நிற்பதில்லை. 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் 11 ஸ்பீடு ரோட் கிராங்குகளில் சிலவற்றைப் பரிசோதனைக்குத் திரும்பக் கேட்டது. ஒட்டிய இடம் பிரிந்து கிராங்க் உடையலாம் என்பது காரணம். அல்டெக்ரா எஃப்சி-6800, எஃப்சி-ஆர்8000, டியூரா-ஏஸ் எஃப்சி-9000, எஃப்சி-ஆர்9100, பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) வைத்த எஃப்சி-ஆர்9100-பி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. தேதி எழுத்து கேஎஃப்-லிருந்து ஆர்எஃப் வரை, அதாவது 2012 ஜூனிலிருந்து 2019 ஜூன் வரை. இந்த எண்ணில் ஒன்று கையில் வந்தால் பரிசோதனை முடிந்ததா என்று தெரியாமல் விற்காதீர்கள். மிதிக்கும்போது உடைகிற சாமான் அது.

மற்ற கம்பெனிகளிலும் இப்படி உண்டு. இத்தாலியின் கம்பனோலோ செய்த நுவோவோ ரெக்கார்ட் பின் டிரெய்லியரின் 1970களின் பிரதிகளில் 'பேட்டன்ட்' என்ற சொல்லோடு வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். 76 என்றால் 1976. இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று ஸ்பீடு ஹப்பின் வெளிக்கூட்டைத் துடைத்துப் பாருங்கள், ஏடபிள்யூ என்ற எழுத்தோடு வருடமும் மாதமும் தெரியும். துருப்பிடித்த பின்சக்கரம் என்று எடைக்குப் போட இருந்த ஒன்றில் 62 என்று படித்த நாளிலிருந்து எந்த ஹப்பையும் துடைக்காமல் நான் தள்ளுவதில்லை.

படி 3: அளவுகள்

சீட் போஸ்ட் பற்றி ஏற்கெனவே சொன்னேன். அது 0.2 மி.மீ. இடைவெளியில் பல அளவுகளில் வரும். 25.4, 27.2, 30.9, 31.6 ஆகியவை அதிகம் கண்ணில் படும். பெரும்பாலும் கீழ்முனையிலேயே அச்சிட்டிருப்பார்கள். இருந்தாலும் காலிப்பரால் இரண்டு திசையில் அளந்து பாருங்கள், பல வருஷம் இறுக்கிய இடம் நசுங்கியிருக்கும்.

ஹேண்டில்பாரில் ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) பிடிக்கும் நடுப்பகுதியை அளக்க வேண்டும்: 25.4, 26.0, 31.8, 35. இதில் 25.4-க்கும் 26.0-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, மாட்டினால்தான் தெரியும். ஸ்டெம்மிலும் இரண்டு வகை. ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) குழாய்க்குள்ளே இறங்கும் பழைய வகை பெரும்பாலும் 22.2, வெளியே கவ்வும் வகை பெரும்பாலும் 28.6.

ஹப்பில் ஆக்சிலின் இரு பக்கமும் இறுக்கியிருக்கும் லாக் நட்டுகளின் வெளிமுகங்களுக்கு நடுவே அளக்கவும். முன்னால் பெரும்பாலும் 100. பின்னால் பழைய வண்டிகளில் 120, 126, அப்புறம் வந்தவற்றில் 130, 135, ஹப்பை ஊடுருவி ஃப்ரேமில் மாட்டும் த்ரூ ஆக்சில் வந்த பிறகு 142, 148.

சக்கரத்துக்கு '26 இன்ச்' என்று எழுதினால் போதாது. 26 இன்ச் என்ற பெயரிலேயே 559-ம் உண்டு, 590-ம் உண்டு, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டில் 37-622 மாதிரி ஒரு எண் இருக்கும். இரண்டாவது எண்ணை எழுதுங்கள். 622 என்றால் 700சி, 584 என்றால் 27.5.

கிராங்கில் செயின் ஓடும் பல்சக்கரத்தை மாட்டும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் வேண்டும். ஐந்து போல்ட் என்றால் நேராக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 64.7 வந்தால் 110, 76.4 வந்தால் 130. நான்கு போல்ட், சம இடைவெளியில் இருந்தால் 1.414-ஆல் பெருக்கவும். கிராங்கின் நீளம், 165, 170, 175 என்று, பெரும்பாலும் பின்பக்கமே அச்சிட்டிருக்கும்.

படி 4: தேய்மானம்

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள், தெரியாமல் பிறரையும் ஏமாற்றுகிறார்கள். நிதானமாகப் பாருங்கள்.

செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி இருப்பதன் நடுவரை அளந்தால் புதிதில் சரியாக 12 அங்குலம். அதைவிட 1/16 அங்குலம் கூடினாலே மாற்ற வேண்டிய நேரம், 1/8 கூடினால் காசெட்டையும் தின்றிருக்கும். பழைய செயினை நான் விற்பதே இல்லை. ஆனால் காசெட்டின் நிலையைச் சொல்லும் சாட்சி அது, அதனால் அளந்துவிட்டு எறிகிறேன். காசெட்டின் பல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல் கூராக இருந்தால் முடிந்தது.

பின் டிரெய்லியரின் கூண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் சகஜம், தளதளவென்று ஆடினால் கியர் நிற்காது. சின்னச் சக்கரங்களின் பல் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், தனியே மாற்றலாம். ஃப்ரேமில் மாட்டும் போல்ட்டின் மரை கெட்டிருந்தால் விலை விழும்.

கிராங்கில் பெடல் துளையைச் சுற்றி டார்ச் அடித்து முடி மாதிரிக் கோடு தெரிகிறதா பாருங்கள். விரிசல் என்றால் குப்பைதான். சதுர ஆக்சில் வகையில் சதுரத் துளை வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் அப்படியே.

ஹப்பின் ஆக்சிலை இரண்டு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கலாம், கோன் (பால்ரஸ் உருளும் கூம்பு நட்டு) குழி விழுந்திருக்கலாம். திறந்து பால்ரஸ் மாற்றிக் கிரீஸ் போட்டும் அரைத்தால் கோன் போய்விட்டது. ரிம் பிரேக் சக்கரத்தில், பிரேக் பிடிக்கும் முகத்தில் ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ரிம் குழிந்து மெலிந்திருக்கிறது. சக்கரத்தில் கோட்டம் இருந்தால் எடுத்துவிடலாம், மெலிந்த ரிம்மை ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்க் பிரேக் என்றால் அதன் தட்டின் தடிமனையும் அளந்து பாருங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ., 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

கார்பன் ஹேண்டில்பார், கார்பன் சீட் போஸ்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. விழுந்த வண்டியிலிருந்து வந்ததா என்று தெரியாவிட்டால் விற்பதில்லை. உள்ளே நொறுங்கியிருப்பது வெளியே தெரியாமலே போகலாம்.

நேர்மாறாக, செத்துப்போனதாகத் தோன்றும் ஒன்றில் லாபம் இருக்கிறது. பல வருஷம் சும்மா கிடந்த ஷிஃப்டரை அமுக்கினால் 'கிளிக்' இல்லாமல் சொதசொதவென்று இருக்கும். பலர் கெட்டுவிட்டது என்று சும்மா கொடுத்துவிடுவார்கள். பல சமயம் உள்ளே கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருக்கும், அவ்வளவுதான். கிரீஸ் கரைக்கும் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, ஐம்பது அறுபது தடவை அமுக்கிப் பாருங்கள். உயிர் வந்தால் மெல்லிய எண்ணெய் விட்டு மூடுங்கள்.

படி 5: விலை

யாரோ கேட்கிற விலையைப் பார்த்து உங்கள் விலையைப் போடாதீர்கள். கேட்பது ஆசை. அதே எண்ணுள்ள பாகம் உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று பாருங்கள். ஐந்து விற்பனை கிடைத்தது, 40, 45, 48, 50, 110 என்று வைத்துக்கொள்வோம். அந்த 110 பெட்டி பிரிக்காததாக இருக்கும். சராசரி எடுத்தால் 58-க்கு மேல் வந்து உங்களைக் கெடுக்கும், நடுவில் இருக்கும் 48-ஐ எடுங்கள். அதிலிருந்து விற்கும் தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, அட்டைப்பெட்டி, புதிதாகப் போட்ட போல்ட் எல்லாவற்றையும் கழித்தபின் மிச்சம்தான் உங்களுடையது. முதலிலேயே தராசை எடுத்து வைக்கச் சொன்னது, பாகத்தின் எடையைப் பார்த்து அனுப்பும் செலவைக் கணக்கிடத்தான்.

விற்ற கணக்கே கிடைக்காவிட்டால், அதே வேலை செய்யும் புதிய பாகத்தின் விலையை நூறாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் ஓடாததற்கு ஐம்பது, ஓடியது ஆனால் நன்றாக இருக்கிறது என்றால் முப்பது, தேய்ந்ததற்குப் பதினைந்து. இது என் கைக்கணக்கு மட்டும்தான். சேகரிப்பவர்கள் தேடும் பழைய பாகங்களுக்கு இது செல்லாது, அவை புதியதைவிட அதிகத்துக்கும் போகும்.

ஜோடியைப் பிரிக்காதீர்கள். ஒற்றை பிரேக் லீவரை வாங்க ஆள் குறைவு. இதில் ஒரு விதிவிலக்கு இடது கிராங்க். போல்ட் தளர்ந்து ஓட்டிக் கெடுப்பது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் என்பதால் தனியாகவே கேட்டு வருவார்கள். கிராங்க் மூடி, செயின் பல் போல்ட், ஷிஃப்டரின் ரப்பர் உறை மாதிரிச் சில்லறைச் சாமான்களையும் டப்பாவில் போட்டு வையுங்கள், தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

வண்டி முழுசாக ஓடுகிற நிலையில், பாகங்களும் சாதாரணம் என்றால் பிரிக்கவே வேண்டாம், முழு வண்டியாகவே விற்றுவிடுங்கள். வாங்கும் முன் கிராங்கின் அச்சு ஓடும் குழாயின் அடியில் உள்ள ஃப்ரேம் எண்ணைப் பாருங்கள். சுரண்டி அழித்திருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

படி 6: படமும் பார்சலும்

பகல் வெளிச்சத்தில், வெறும் தரையில் வைத்து எடுங்கள். முன்பக்கம் ஒன்று, எண் தெரியும்படி பின்பக்கம் ஒன்று, காலிப்பர் கவ்வியபடி ஒன்று, இருப்பதிலேயே மோசமான கீறல் ஒன்று. அந்தக் கீறல் படம் போட்ட பிறகு எனக்குத் திரும்பி வந்த பார்சல் ஒன்றுகூட இல்லை.

பார்சல் கட்டும்போது கிராங்கின் பற்கள் அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், ஹப்பின் ஆக்சில் முனை பெட்டியைக் குத்தித் துளைக்கும். பல்லைச் சுற்றி வெட்டிய பழைய டியூபைக் கட்டுங்கள், ஆக்சில் முனைக்கு பாட்டில் மூடி கச்சிதமாகப் பொருந்தும்.