கே. பாலசந்தரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

திரைப்பட இயக்குநர் கே. பாலசந்தரின் படைப்புகளை முறையாகப் பார்க்க விரும்புபவர், புகழ்பெற்ற படங்களில் தொடங்காமல் நாடகச் சாயல் தெரியும் படங்களில் தொடங்குவது நல்லது. 1930-இல் நன்னிலம் பகுதியில் பிறந்து, சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே மேடை நாடகங்களை எழுதி இயக்கியவர் அவர்.

முதலில் 'நீர்க்குமிழி'யைப் (1965) பாருங்கள். மருத்துவமனையை விட்டுக் கதை பெரிதாக வெளியே போகாததால், மேடைக்கட்டு அப்படியே தெரியும். அடுத்து 'எதிர்நீச்சல்' (1968). பல குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டில் மாடிப்படியின் அடியில் ஒண்டிக்கொள்ளும் மாதுவாக நாகேஷ் நடிக்கும்போது, ஒவ்வொரு குடித்தனமும் அவரை எப்படி வேலை ஏவுகிறது என்பதைக் கவனித்தால், பாத்திரங்களை இயக்குநர் பிரித்துக்காட்டும் விதம் பிடிபடும். அந்தப் படிக்கட்டை மட்டும் பார்ப்பதற்காகவே இரண்டாம் முறை பார்க்கலாம் என்பது என் கருத்து.

பிறகு 'அபூர்வ ராகங்கள்' (1975). ரஜினிகாந்த் வாயிற்கதவைத் தள்ளித் திறந்து திரையுலகுக்குள் நுழையும் காட்சியில் நிறுத்தி, ஒரு புதுமுகத்தை அறிமுகப்படுத்த பாலசந்தர் எவ்வளவு குறைவாகச் செய்திருக்கிறார் என்று பாருங்கள்.

தொலைக்காட்சித் தொடர்களை இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள். 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்காமல், நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பாருங்கள். அத்தியாயத்தை எந்த வசனத்தில், எந்த முகத்தில் முடிக்கிறார் என்று குறித்துக்கொண்டால், நாடகத்தில் திரை விழும் தருணத்தைத் தேர்ந்தெடுத்த அதே கை இங்கும் தெரியும்.