பழைய பிக்கப்பை விற்கிறீர்களா? பெயிண்ட் அடிக்காதீர்கள்

நன்றாகப் பார்த்துக்கொண்ட பழைய பிக்கப்பை விற்பது என்று முடிவானதும் பலர் செய்யும் முதல் காரியம், வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விடுவதுதான். டிங்கரிங், பள்ளத்தை நிரப்பும் பட்டி, புதுப் பெயிண்ட், இன்ஜினுக்கு ஒரு வாட்டர் வாஷ். இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த வண்டியின் மதிப்பு குறைவது இந்த ஒரு வாரத்தில்தான்.

பழைய வண்டி வாங்க வருபவர் பளபளப்பைக் கண்டால் பயப்படுவார். புதுப் பெயிண்டுக்கு அடியில் இருப்பது துருவா, அடிபட்ட இடமா என்று அவருக்குத் தெரியாது. விவரம் தெரிந்தவர் துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தோடு வருவார். கதவின் அடிவிளிம்பு, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, லோடு ஏற்றும் தொட்டியின் மூலைகள் என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்ப்பார். பட்டி தடித்த இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும். ஓர் இடத்தில் வழுக்கினால் போதும், வண்டி முழுவதன் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் டாடா மொபைல் 206 ஒன்று இருந்தது. 1988-ல் வந்த மாடல் அது. பின்னால் வந்த டாடா சியரா, எஸ்டேட் கார்களும் இந்த பிக்கப்பின் அடித்தளத்தில் உருவானவைதான். அப்பா அதில் தேங்காய் ஏற்றினார், உரமூட்டை ஏற்றினார். உரம் ஏற்றிய அன்றே தொட்டியைக் கழுவிவிடுவார், ஏனென்றால் உரத்தைப் போல இரும்பைத் தின்பது வேறில்லை. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான் எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். வாங்க வந்தவர் வண்டியைப் பார்த்தது பத்து நிமிஷம். திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டியது அரை மணி நேரம். எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களில் கிளட்ச் பிளேட் மாற்றிய வருஷத்தை விரலால் தொட்டுப் படித்தார். அதன் பிறகு விலையில் அவர் பெரிதாகப் பேரம் பேசவில்லை. இப்படி நோட்டு இல்லாவிட்டாலும் பட்டறை பில், சாமான் வாங்கிய ரசீது, பழைய எஃப்சி (தகுதிச் சான்று) காகிதம் என்று எது கிடைத்தாலும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். கழற்றிப் போட்ட ஒரிஜினல் வீல் கப், பழைய ஸ்டீயரிங் போன்றவை பரணில் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். வண்டியை ஆசைப்பட்டு வாங்குபவருக்கு அவைதான் பொக்கிஷம்.

அடுத்த தவறு, ஆள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைப்பது. பழைய டீசல் இன்ஜினின் குணம் காலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். வருபவர் முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றே நினைப்பார். குளிர்ந்த வண்டியை அவர் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டரைப் போட்டுச் சில விநாடி காத்திருக்க வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள். முதலில் கொஞ்சம் புகை வந்து போனால் பரவாயில்லை. சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அதை நீங்களே முந்திச் சொல்வது நல்லது. ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். சாவியை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

விளம்பரத்தில் 'விண்டேஜ்' என்று போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் 2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத சொந்த உபயோக வண்டிக்குத்தான் அந்தப் பதிவு கிடைக்கும். 1988-ல் பதிவான பிக்கப்புக்கே 2038 வரை அந்த வயது வராது. வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டி அந்தக் கணக்கிலேயே வராது. பழைய வண்டி, நல்ல வண்டி என்று சொன்னாலே போதும், வேண்டியவர் வருவார். விலை சொல்லும்போதும் இதே நிதானம் வேண்டும். லோடு ஓட்ட வாங்குபவர் தரும் விலை வேறு, பிரியப்பட்டு வாங்குபவர் தரும் விலை வேறு. முதலாமவரிடம் இரண்டாமவரின் விலையைக் கேட்டுவிட்டு, யாரும் வரவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

பேப்பர் விஷயத்துக்கு வருவோம். எஃப்சி, இன்சூரன்ஸ், வரி, பசுமை வரி, அபராதச் சலான் எல்லாம் தீர்ந்திருக்கிறதா என்று ஆள் வருவதற்கு முன்பே பாருங்கள். என்றோ கட்டி முடித்த கடன் இன்னும் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) நிற்கலாம். கடன் கொடுத்தவரிடம் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), கடன் தீர்ந்ததைச் சொல்லும் படிவம் 35-ம் வாங்கி அதை நீக்க வேண்டும். எப்போதாவது இன்ஜினை மாற்றியிருந்தால், புது நம்பரை ஆர்சியில் ஏற்றினீர்களா? பழைய பிக்கப் வியாபாரம் கடைசி நேரத்தில் முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பெயரை அப்புறம் மாத்திக்கோங்க" என்று விட்டுவிடுவது. வாங்கியவர் மாற்றமாட்டார், இன்னொருவருக்கு விற்பார். வண்டி இரண்டு மூன்று கை மாறும், ஆர்சியில் உங்கள் பெயரே இருக்கும். அந்த வண்டி எங்கோ ஒருவரை இடித்துவிட்டால் என்ன ஆகும்? 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவர் மேல்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவும், ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரே தகவல் தர வேண்டும் என்கிறது. அதனால் வாங்குபவரின் பெயரும் முகவரியும் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு, வண்டியை ஒப்படைத்த மணியையும் எழுதுங்கள். மாலை 4 மணிக்குக் கொடுத்த வண்டி 6 மணிக்கு விபத்தில் சிக்கினால், அப்போது வண்டி உங்கள் கையில் இல்லை என்று காட்ட அந்த ஒரு வரி துணையாக நிற்கும். அவருடைய அடையாளச் சான்றின் நகலையும் வாங்கி வையுங்கள்.

பணத்தை வங்கி மூலமே வாங்குங்கள். ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. அபராதம் விழுவது பணம் கொடுத்தவர் மேல் அல்ல, பணத்தை வாங்கிய உங்கள் மேல். முழுத்தொகை கணக்கில் ஏறும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இன்சூரன்ஸில் கிளெய்ம் எதுவும் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுடையது, வண்டியோடு போகாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் அடுத்த வண்டிக்கு உதவும். ஃபாஸ்டேக்கை மூட மறக்காதீர்கள். மறந்தால் வண்டியை வாங்கியவர் டோல்கேட் தாண்டும்போதெல்லாம் உங்கள் பணம் போகும்.

ஒரு மாதம் கழித்து அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அன்றைக்கே அவருக்குப் போன் செய்யுங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் டெலிவரி நோட்டோடு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சியும் வாங்கி வாருங்கள்.