முட்டைக் காடை: இனத்துக்கு எந்தப் பெட்டையை நிறுத்துவது?

கொழுத்த காடைதான் நிறைய முட்டையிடும் என்று நம்பி, பெரிய பெட்டையாகப் பொறுக்கி இனத்துக்கு விடுகிறார்கள். இரண்டு தலைமுறையில் உடல் எடை ஏறும், தீவனச் செலவு ஏறும், முட்டை மட்டும் ஏறாது. முட்டையை எண்ணித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், உருவத்தைப் பார்த்து அல்ல.

ஒரே ஈட்டில் பொரித்த காடைகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நம் நெல்லைச் சீமையில் சித்திரை வெயிலுக்குக் காடை தீனி எடுக்காது, முட்டை தானாகக் குறையும். அந்தக் கணக்கை மார்கழிக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் பருவம் செய்ததை இனத்தின் குணம் என்று எடுத்துக்கொள்வோம். ஆடியில் பொரிக்க வைத்தால் புரட்டாசி முதல் கார்த்திகை வரை எண்ணலாம், வெயில் குறுக்கே வராது.

மூன்று நான்கு வாரத்தில் பெட்டையின் மார்பில் கரும்புள்ளி தெரியும், சேவலுக்கு மார்பு செம்பழுப்பாக இருக்கும். பெட்டைகளைத் தனித்தனிக் கூண்டில் விட்டு எண் போட்ட கால் வளையம் மாட்டுங்கள். 8ஆம் வாரத்திலிருந்து 70 நாள் எண்ணுங்கள். காடை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் முட்டையிடும். அதனால் இரவு 7 மணிக்கு மேல் எண்ணினால் கணக்குத் தவறாது. தீவனம் எல்லாவற்றுக்கும் ஒன்றே: நாளுக்கு 25 முதல் 30 கிராம், புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல். பகல் வெளிச்சத்தோடு பல்பு வெளிச்சமும் சேர்த்து 16 மணி நேரம்.

அடுக்குக் கூண்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கீழ் அடுக்குக்கு வெளிச்சம் குறையும், தகரக் கூரை என்றால் மேல் அடுக்கு சூடாகும். இரண்டிலும் முட்டை குறையும், அது காடையின் குற்றமல்ல. கூண்டுகளை வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

கணக்கு முடிந்ததும் ஐந்தில் ஒரு பங்குப் பெட்டைகளை நிறுத்துங்கள். ஓடு மெலிந்த முட்டையும் 9 கிராமுக்குக் குறைந்த முட்டையும் இடுவதைத் தள்ளிவிடலாம்.

பலரும் கோட்டை விடுவது சேவலில்தான். சேவல் முட்டையிடாது, ஆனால் குஞ்சுக்குப் பாதி குணம் அதிலிருந்துதான் வருகிறது. அதன் தாயும் உடன்பிறந்த பெட்டைகளும் எத்தனை இட்டன என்று பார்த்துத்தான் சேவலை எடுக்க வேண்டும். அதற்குக் குஞ்சுகள் குடும்பம் மாறாமல் இருக்க வேண்டும். அடை வைத்த 14ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போதே ஒவ்வொரு குடும்பத்து முட்டையையும் தனி வலைக்கூட்டில் போட்டுவிடுங்கள். 17, 18ஆம் நாள் பொரித்துக் கலந்துவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது. குஞ்சின் நகத்தில் குடும்பத்துக்கொரு நிறமாக நகப்பூச்சு வைத்து, நான்கு நாளுக்கொருமுறை புதுப்பித்தால் வளையம் மாட்டும் வரை தாங்கும்.

ஒரு சேவலுக்கு மூன்று பெட்டை போதும். மந்தையை அ, ஆ, இ, ஈ என நான்கு குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 4 சேவல், 12 பெட்டை வையுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அ சேவல் ஆ பெட்டைக்கு, ஆ சேவல் இ பெட்டைக்கு என்று சுற்றிவர வேண்டும், ஈ சேவல் அ பெட்டைக்கு வரும். கோழியைவிடக் காடைக்கு நெருங்கிய இரத்தக் கலப்பு வேகமாகக் கெடுதல் செய்யும். சேவலை மாற்றினால் 10 நாள் கழித்து எடுக்கும் முட்டையை மட்டும் அடை வையுங்கள், முந்தைய சேவலின் விந்து அதுவரை உள்ளே இருக்கும்.

அடை முட்டையை 15 முதல் 18 டிகிரியில் 7 நாள் வைத்திருக்கலாம். குளிர் அறை இல்லாதவர்கள் 3 நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

பொரியாத முட்டையை உடைத்துப் பாருங்கள். கருவே இல்லாத கூமுட்டை என்றால் சேவலைச் சந்தேகியுங்கள். முழு வளர்ச்சியில் செத்திருந்தால் பெரும்பாலும் ஈரப்பதம் சரியில்லை. முதல் சில நாளிலேயே செத்த கரு, முட்டையைச் சரியாக வைத்திருந்தும் ஈட்டுக்கு ஈடு கூடினால் இரத்தம் நெருங்கிவிட்டது. அப்போது முட்டைக் கணக்கு எவ்வளவு ஏறியிருந்தாலும் வேறு பண்ணையிலிருந்து உறவில்லாத சேவலைக் கொண்டுவந்து விடுங்கள்.