கட் ஆனது கடலிலா, நம்ம தெருவிலா? வீட்டிலிருந்தே அளந்து பார்க்கும் வழி

வடசென்னையில் வீடு வீடாக ஃபைபர் இழுத்து, கண்ணாடி இழையை ஒட்டிக் கொடுப்பது என் வேலை. தண்டையார்பேட்டையில் ஒரு அக்கா வீட்டில் நான் செய்த தவறுதான் இதை எழுத வைக்கிறது. அவருடைய மகன் சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் வேலை பார்க்கிறான். இரவு 9 மணிக்கு வீடியோ காலில் வருவான். முகம் அப்படியே நின்றுவிடும், குரல் விட்டு விட்டு வரும் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை. யூடியூப் ஓடுகிறது. எங்கள் தொழிலில் பலரும் சொல்கிற பதிலையே நானும் சொல்லிவிட்டு வந்தேன்: "கடல்ல கேபிள் கட்டுக்கா, சரியாயிடும்."

எட்டு நாள் கழித்து காலடிப்பேட்டை மார்க்கெட்டில் பார்த்தபோது கேட்டார்: "தம்பி, கடல்ல கட்டுன்னு சொன்னியே, எப்போபா ஒட்டுவாங்க?"

அன்றைக்கே ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரோடு போனேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மஞ்சள் பேட்ச் கார்டு, அதாவது பெட்டிக்குள் செருகும் மெல்லிய ஃபைபர் வயர், நசுங்கிக் கிடந்தது. மீட்டரில் ஒளி மைனஸ் 29 டிபிஎம். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. கார்டை மாற்றியதும் மைனஸ் 20. அன்றிரவு மகன் முகம் தெளிவாக வந்தது. நான் அளக்காமல் சொன்ன ஒரு வார்த்தையால் எட்டு இரவு அந்த அம்மா பிள்ளையோடு சரியாகப் பேச முடியாமல் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு அளக்காமல் நான் வாய் திறப்பதில்லை. நீங்களும் அளக்கலாம். ஒரு ஃபோன் போதும்.

ஒரே ஒரு கணக்கு

ஒளி வெற்றிடத்தில் செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். கண்ணாடி இழைக்குள் வேகம் குறைந்து, ஏறக்குறைய 2 லட்சம். அதாவது ஒரு மில்லிசெகண்டில் 200 கிலோமீட்டர். பிங் என்பது போய்த் திரும்பி வரும் நேரம் என்பதால் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்: பிங்கில் ஒரு மில்லிசெகண்ட் என்றால் 100 கிலோமீட்டர் தூரம். எந்தக் கம்பெனி எந்த பிளான் கொடுத்தாலும் இதைவிட வேகமாக ஒளி ஓடாது.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். 2002-இல் போட்ட ஐ-டு-ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஆக 32 மில்லிசெகண்டுக்குக் கீழே அந்தக் கம்பியில் போய் வரவே முடியாது. இரண்டு ஊரிலும் ஊருக்குள் ஓடும் தூரம், நடுவில் நிற்கும் ரவுட்டர்கள் எல்லாம் சேர்த்து 35 முதல் 45 வந்தால், உங்கள் பேச்சு வங்காள விரிகுடா வழியாக நேராகப் போகிறது என்று நம்பலாம்.

அளக்கும் முறை

ஸ்பீட் டெஸ்ட் ஆப் பெரும்பாலானோர் ஃபோனில் இருக்கும். அதில் சர்வரை நாமே மாற்றிக்கொள்ள வழி உண்டு. பலர் அதைத் தொட்டதே இல்லை. சர்வர் பெயரைத் தட்டினால் தேடும் இடம் வரும், அங்கே ஊர் பெயரைப் போட வேண்டும். சென்னை, மும்பை, சிங்கப்பூர், லண்டன் என்று நான்கு ஊர். வேகம் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம், பிங் எண்ணை மட்டும் பாருங்கள்.

அளக்கும்போது வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். லேப்டாப் இருந்தால் லேன் வயர் போட்டு அளப்பது இன்னும் நல்லது, வைஃபை தன் பங்குக்கு நேரத்தைக் கூட்டும். வீட்டில் வேறு யாரும் படம் பார்க்காத நேரமாகப் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று தடவை ஓட்டி, மூன்றில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தைச் சொல்வது அந்த எண்தான். மற்ற இரண்டில் கூடுதலாக வருவது வழியில் வரிசையில் நின்ற நேரம். காலை 6 மணிக்கு ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும்.

காலையிலேயே சென்னைக்கே பிங் 30, 40 என்று வந்தாலும், ஒரு தடவை 4, அடுத்த தடவை 90 என்று குதித்தாலும் கடலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கோளாறு உங்கள் வீட்டில் அல்லது தெருவில். முதலில் மஞ்சள் கார்டைப் பாருங்கள். கையில் வளையல் அளவுக்கு வளைந்தால் பரவாயில்லை, மோதிரம் அளவுக்கு வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். எல்லாம் பச்சையாக இருந்தும் பேச்சு உடைந்தால், வருகிற ஆளிடம் பவர் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். மைனஸ் 27-க்கு மேல் போனால், அதாவது மைனஸ் 28, 29 என்று வந்தால், விளக்கு பச்சையாகவே இருந்தாலும் லைன் நோயாளிதான். எங்கள் பக்கம் இதற்குக் காரணங்கள் நிறைய. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி உரசி இழுத்த கம்பி, மாடி விட்டு மாடி தாவும்போது வெயிலில் வெடித்த உறை, எலி கடித்தது, ஜாயின்ட் பாக்ஸுக்குள் மழைநீர். வீட்டுக்கு வெளியே இருக்கும் ஸ்ப்ளிட்டரில் ஒரே இழையின் ஒளி 8, 16, 32 வீடாகப் பிரியும். அதனால் பக்கத்து வீட்டிலும் இதே தொல்லையா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கும் என்றால் தெருவில், உங்களுக்கு மட்டும் என்றால் வீட்டில்.

சென்னை 4, மும்பை 25, சிங்கப்பூர் 40 என்று காலையில் நன்றாக இருந்து, இரவில் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி ஏறினால், உங்கள் கம்பெனியின் குழாயில் கூட்டம். கேபிள் எங்கும் அறுந்திருக்காது.

சென்னையும் மும்பையும் சரியாக இருந்து சிங்கப்பூர் மட்டும் 80, 90-க்குத் தாவி, காலையும் இரவும் அங்கேயே நின்றால்தான் கடல் பக்கம் யோசிக்க வேண்டும். நேர்வழி இல்லாமல் மும்பை போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு சிங்கப்பூர் போகிறது என்று கணக்கே சொல்லும். லண்டனுக்கு நேர்கோடு 8,200 கிலோமீட்டர் சுமார். அப்படி ஒரு நேர்க் கம்பி கிடையாது. அரபிக் கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல், பிரான்சின் மார்சேய் என்று வளைந்து போகிறது. அதனால் 82 வராது, என் லைனில் நல்ல நாளில் 130, 140 வருகிறது. அது ஒரேயடியாக 250 ஆனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறது என்று அர்த்தம்.

வழியில் உள்ள ஊர்களைப் பார்க்க

எண் போதாது, ஊர் பெயரும் வேண்டும் என்றால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து டிரேசர்ட் கட்டளை கொடுங்கள். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து: டி, ஆர், ஏ, சி, ஈ, ஆர், டி. இடைவெளி விட்டு தளத்தின் முகவரி. முதல் வரியில் உங்கள் வீட்டுப் பெட்டி, அடுத்து கம்பெனியின் ரவுட்டர்கள், கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் என்று வரிசையாக வரும். ரவுட்டர் பெயர்களுக்குள் மூன்று எழுத்துக் குறி ஒளிந்திருக்கும். விமானத்தில் நம் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் இருக்கும் அதே எழுத்துகள்: எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, பி.ஓ.எம். மும்பை, எஸ்.ஐ.என். சிங்கப்பூர், எம்.ஆர்.எஸ். மார்சேய்.

நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பயப்படாதீர்கள். அந்த ரவுட்டர் பதில் சொல்ல மறுக்கிறது, அவ்வளவுதான். நடு வரியில் மட்டும் எண் ஏறி, அடுத்த வரியில் இறங்கிவிட்டாலும் கோளாறு இல்லை. ஏறிய எண் கடைசி வரை இறங்காமல் இருந்தால், முதலில் ஏறிய அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பெரிய தளங்கள் தங்கள் நகலை சென்னையிலேயே வைத்திருக்கும். வெளிநாட்டுத் தளம் என்று நினைத்து அளப்பீர்கள், 5 மில்லிசெகண்டில் பதில் வரும். 5 என்றால் 500 கிலோமீட்டருக்குள். அது சிங்கப்பூராகவோ லண்டனாகவோ இருக்க வாய்ப்பே இல்லை. அந்த அக்கா வீட்டில் யூடியூப் ஓடியதும் அதனால்தான். படம் பக்கத்திலேயே இருந்தது, முன்கூட்டி நிரப்பிவைத்தும் ஓட்டியது. மகன் குரலை முன்கூட்டி நிரப்ப முடியாதே.

அந்தக் கம்பி எப்படி இருக்கிறது

டெலிஜியோகிராபி என்ற நிறுவனம் உலகக் கடலடிக் கேபிள்கள் எல்லாவற்றையும் வரைபடமாக இலவசமாக வைத்திருக்கிறது. திறந்து சென்னையைத் தேடுங்கள். சிங்கப்பூருக்கு ஐ-டு-ஐயும், 2004-இல் வந்த டாடா கேபிளும். மும்பையையும் சென்னையையும் தொட்டு ஐரோப்பா வரை போகும் சீ-மீ-வீ 4. ஓமனில் தொடங்கி இலங்கை வழியாகச் சென்னைக்கும் பினாங்குக்கும் போகும் பே ஆஃப் பெங்கால் கேட்வே. போர்ட் பிளேருக்கும் மற்ற ஏழு தீவுகளுக்கும் 2020 ஆகஸ்டில் திறந்த சுமார் 2,300 கிலோமீட்டர் அந்தமான் கேபிள். சாந்தோம் கடற்கரையில் மணலுக்கு அடியில் கரையேறும் கேபிளுக்கும் ராயபுரத்தில் நீங்கள் பேசுகிற பேச்சுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

ஆழ்கடலில் அந்தக் கேபிள் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் தடிமன்தான். கரைக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி சுற்றிக் கை மணிக்கட்டு அளவுக்குத் தடிக்கும். உள்ளே இழைகள் சில ஜோடிதான். சீ-மீ-வீ 4-இல் வெறும் 2 ஜோடி. நான் தெருவில் ஒட்டும் இழையைப் போலவே அதுவும் உறை நீக்கினால் 125 மைக்ரான், தலைமுடி தடிமன். போகப் போக ஒளி மங்கும் என்பதால் ஏறக்குறைய 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கடலடியில் ஒளியை மறுபடி கூட்டிக் கொடுக்கும் ரிப்பீட்டர் உட்கார்ந்திருக்கும். அதற்குக் கரையிலிருந்தே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம், கேபிளுக்குள் இருக்கும் செம்பு வழியாகப் போகிறது.

அறுந்த இடத்தை அவர்கள் கண்டுபிடிப்பதும் நம் கணக்கின்படியேதான். கரையிலிருந்து ஒளித்துடிப்பு அனுப்பி, அது திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்லிவிடுவார்கள். பிறகு கப்பல் போய், கொக்கியால் கேபிளை மேலே இழுத்து, கூடுதல் கேபிள் சேர்த்து, கப்பல் தளத்திலேயே இழையை ஒட்டித் திரும்பக் கடலில் விட வேண்டும். நான் இதைப் படித்த நாளில் இழையை ஒட்டும் என் ஸ்ப்ளைசிங் மெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அலையில் ஆடும் கப்பலில் ஒட்டுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கடல் கட் என்பது பொய்யும் இல்லை. உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 இடங்களில் கேபிள் பழுதாகிறது, பெரும்பாலும் நங்கூரத்தாலும் மீன்பிடி வலையாலும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் வெளிநாட்டு இணையத்தில் ஏறக்குறைய பாதி போனது. 2025 செப்டம்பர் 6 அன்று ஜித்தா அருகே செங்கடலில் சீ-மீ-வீ 4 உட்பட கேபிள்கள் அறுந்தன. அப்படிப்பட்ட நாளில் லண்டன் எண் ஏறும். சென்னை எண் அசையாது. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நங்கூரமோ மடியோ அடியில் கனமாகச் சிக்கினால் எஞ்சின் போட்டு இழுக்காதீர்கள். அதில் மின்சாரம் இருக்கலாம். இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, கயிறு போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டு, கரையில் தகவல் சொல்லுங்கள்.

புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், யார் காதிலும் ஏறாது. "சென்னை 4, மும்பை 25, சிங்கப்பூர் நேற்றுவரை 40, இன்று காலையும் இரவும் 88" என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் பேப்பரும் பேனாவும் எடுப்பார். ஆனால் அப்படிச் சொல்ல, நல்ல நாளில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அக்கா வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரி காலண்டர் அட்டையில் நான்கு ஊர், நான்கு எண் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் லைன் நன்றாக ஓடும் ஒரு நாளில் இன்றோ நாளையோ அதைச் செய்யுங்கள், பக்கத்தில் தேதியையும் போட்டு வையுங்கள்.